காற்றைவிடக் கனமானது

குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் இருக்கின்றனவாம். இன்னும் ஒன்று கிடைத்தால் எட்டாகி அடங்கிவிடுமாம். அந்த ஒற்றை எலக்ட்ரானுக்காக அது எதிரே வந்ததை எல்லாம் பிடுங்கித் தின்கிறது. துணியின் சாயத்தைத் தின்னும், தண்ணீரில் உள்ள கிருமியைத் தின்னும், ஈரமான நுரையீரல் கிடைத்தால் அங்கேயே அமிலமாகி உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு எலக்ட்ரானுக்கு இவ்வளவு ஆட்டமா? இதை முதலில் படித்த அன்று ஆத்திரம் தாங்காமல் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். அட்டை பிய்ந்துபோனது. இரவல் புத்தகம் என்பதால் நானேதான் பிறகு பசை தடவி ஒட்டவேண்டி வந்தது.

எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்குக்கு மேல். என் கணவர் இருந்தவரை இரண்டையும் அவர் தாங்கிக்கொண்டார். அவர் குடிநீர் நிலையத்தில் குளோரின் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஊருக்குப் போகும் தண்ணீரில் கிருமி சாகவேண்டும் என்று, இரும்பு உருளைகளில் வரும் குளோரின் வாயுவை அளவாகக் கலந்துவிடுவதுதான் வேலை. ஒருநாள் ஓர் உருளையின் கழுத்து விட்டுப்போய் வாயு கசிந்தது. கூட இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் பிழைக்கவில்லை.

அலுவலகத்தில் இரக்கப்பட்டு எனக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். அதே நிலையத்தில், தண்ணீர் பரிசோதிக்கும் அறையில் உதவியாளர். ஆனால் பள்ளி இறுதி வேதியியலில் தேறியிருக்க வேண்டும். நானோ கல்யாணத்துக்காகப் பள்ளியைப் பாதியில் விட்டவள். தேறிவா என்று கெடு கொடுத்தார்கள். கெடு முடிவதற்குள் மிச்சமிருந்தது இந்த ஒரு தேர்வு. இதிலும் போய்விட்டால் வேலை கிடையாது, நானும் மகளும் இருக்கும் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஓர் இடமும் தோன்றவில்லை.

எழுத்துத் தேர்வில் எப்படியோ கரையேறிவிட்டேன். செய்முறைத் தேர்வுதான் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, இது என்ன உப்பு என்று கேட்பார்கள். உப்பு என்றால் நாம் சமையலில் போடுவது மட்டும் இல்லை. நேர்மின் அயனி ஒன்றும் எதிர்மின் அயனி ஒன்றும் கைகோத்துக்கொண்டால் வேதியியலில் அது உப்பு. இரண்டு பேரையும் தனித்தனியே அடையாளம் காட்ட வேண்டும். இருப்பது குளோரைடா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. பொடியோடு மாங்கனீசு டை ஆக்சைடு என்ற கரும்பொடியைச் சேர்த்து, அடர் கந்தக அமிலம் விட்டு, சூடாக்க வேண்டும். குளோரைடாக இருந்தால் மூக்கைத் துளைக்கும் நெடியோடு பசுமஞ்சள் வாயு வரும்.

அந்த வாயு குளோரின்தான். எலக்ட்ரான் கிடைத்து உப்புக்குள் சாதுவாகக் கிடப்பதைத் தட்டியெழுப்பி, கையில் இருந்த எலக்ட்ரானைப் பிடுங்கி, மறுபடி பழைய பேயாக்கிவிடும் சோதனை. இதை நான் செய்து, மூக்கால் முகர்ந்து, ஆமாம் இதுதான் என்று எழுத வேண்டுமாம். அவர் போன பிறகு எங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடரைக்கூட நான் வாங்கியதில்லை. போன முறை தேர்வில் பக்கத்து மேஜைக்காரன் கரும்பொடி டப்பாவைத் திறந்ததைப் பார்த்ததுமே சோதனைக்குழாயைப் போட்டு உடைத்துவிட்டு வராண்டாவுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். நெடி வரும்வரைகூட நிற்கவில்லை.

என் டியூஷன் டீச்சர் என்னைவிடச் சின்னப் பெண். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அலமாரியிலிருந்து ஒரு சின்ன பழுப்புக் குப்பியை எடுத்து வைத்தாள்.

"அக்கா, குளோரைடைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி இருக்கு. சில்வர் நைட்ரேட். வாயுவும் வராது, வாசனையும் வராது. தயிர் மாதிரி வெள்ளையா அடியில இறங்கும், அவ்வளவுதான்."

செய்து பார்த்தேன். ஒரு சொட்டுதான் விட்டேன். வெள்ளியும் குளோரைடும் கண்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு, கரைய மாட்டேன் என்று அடம்பிடித்து வெள்ளையாக இறங்கின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உயிரை எடுக்காமல் உண்மையைச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டேன். கரும்பொடி டப்பா இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தப் பக்கத்தைப் படித்துத் தொலைத்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் நிலையத்தில் தீயணைப்புப் பயிற்சிக்கு என் கணவர்தான் தலைவர். கொட்டகைச் சுவரில் ஒரு சுவரொட்டி உண்டு, எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுத்தது. புகை வந்தால் குனி, படு, தவழ்ந்து கதவுக்குப் போ என்று படம் போட்டிருக்கும். அவர் அதை வீட்டிலும் விடமாட்டார். விடுமுறை நாளில் திடீரென்று விசில் ஊதுவார். மகளும் நானும் இருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்து வாசல்வரை தவழ வேண்டும். நான் முனகிக்கொண்டே தவழ்வேன். மகள் கட்டிலுக்கு அடியில் புகுந்து பாம்பு போல வந்து எனக்கு முன்னால் வாசலைத் தொட்டுவிடுவாள். அவர் பெரிய அதிகாரி மாதிரி இடுப்பில் கைவைத்து நின்று, அம்மா இன்னிக்கும் லேட்டு என்பார். அந்த வீட்டு விசில் இப்போது மகளின் கழுத்தில் தொங்குகிறது. அவளே ஊதி அவளே தவழ்கிறாள்.

அப்பா கசிவை நிறுத்த வால்வை மூடப் போய்ச் செத்தார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் உடுப்பை மருத்துவமனையில் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பேண்ட்டின் இரண்டு முட்டியிலும் சேறு அப்பியிருந்தது. அப்போது எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் குளோரினின் பண்புகள் என்று ஒரு தலைப்பு. நிறம், நெடி, நீரில் கரையும் தன்மை. அதற்குக் கீழே, காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, ஆகவே தாழ்வான இடங்களில் தேங்கும் என்று எழுதியிருந்தது. காற்றின் மூலக்கூறு நிறை சராசரியாக இருபத்தொன்பது, குளோரினுடையது எழுபத்தொன்று. கனமானது கீழேதானே இருக்கும்? நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். சேறு அப்பிய அந்த முட்டிகள் கண் முன்னால் வந்தன. அடுத்த பக்கத்தைப் புரட்ட என் கை வரவில்லை.

அவரோடு வேலை பார்த்த வால்வு மாமாவின் வீட்டுக்குப் போனேன். என் மகள் அவருக்கு வைத்த பெயர் அது. எனக்கு அவர் அண்ணன் முறை. வாசலில் நின்றபடியே, உண்மையைச் சொல்லுங்கள், என் புருஷன் வால்வை மூடப் போனாரா என்று கேட்டேன். மனிதர் கல்லுளிமங்கன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். நானும் விடவில்லை. சொல்லும்வரை நகர மாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தங்கச்சி, நாங்க எல்லாரும் தொட்டிப் படிக்கட்டுல ஏறிட்டோம். தெரிஞ்சு ஏறல, பயத்துல ஏறினோம். அவன் கீழ நின்னு விசில் ஊதி, படுங்க, படுங்கன்னு எங்களைக் கூப்பிட்டான். மேல வா, மேல வான்னு நாங்க கத்தினோம். அவன் சட்டப்படி படுத்து, கதவைப் பாத்துத் தவழ ஆரம்பிச்சான்."

வால்வுக் கதையை அவர்கள் எல்லோரும் சேர்ந்து, என் மனசு ஆறட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். நான் அவரைக் கண்டபடி திட்டினேன். வீட்டுக்கு வந்தபோது மகள் விசில் ஊதித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். போதும், எழுந்திரு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அப்பா சொல்லித் தந்தது தப்பு, அதனால்தான் செத்தார் என்றா? வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் இருப்பதோ அந்தக் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

தேர்வன்று காலையில் என் செருப்பு ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மகள்தான் தவழ்ந்துபோய் எடுத்து வந்தாள். அம்மா இன்னிக்காவது பாஸ் பண்ணு, இந்த வீட்ல என் உயரக் கோடெல்லாம் சுவத்துல இருக்கு என்றாள். அவள் அப்பா பென்சிலால் போட்ட கோடுகள். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கிளம்பினேன்.

தேர்வு நடத்த வந்தவர் வெளியூர்ப் பேராசிரியர். ஜலதோஷத்தில் மூக்கு செக்கச்செவேலென்று இருந்தது. கைக்குட்டையை எடுக்காமல் ஒரு வாக்கியம் முடிக்க அவரால் முடியவில்லை. எனக்கு வந்த வெள்ளைப் பொடியைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கினேன். அம்மோனியாவின் காரம் கண்ணைக் கரிக்க வைத்தது. அமிலத்தில் தோய்த்த கண்ணாடித் தண்டைக் காட்டியதும் வெள்ளைப் புகை அடர்த்தியாக எழுந்தது. அம்மோனியம். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கார்பனேட் இல்லை, சல்பேட் இல்லை, நைட்ரேட் இல்லை. என் நல்ல நேரம், கடைசியில் குளோரைடாகத்தான் இருக்கும், அதற்குத்தான் என்னிடம் சொட்டு மருந்து இருக்கிறதே என்று சில்வர் நைட்ரேட் குப்பியை எடுத்தேன்.

குப்பியைச் சாய்த்ததும் என் கை நின்றது. உள்ளே இருந்தது தெளிவான திரவம் இல்லை, கழுவிய அரிசித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. அடியில் சாம்பலும் ஊதாவுமாக ஒரு மண்டி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. சில்வர் நைட்ரேட் விலை கூடியது. தீர்ந்துபோகிறதே என்று யாரோ சிக்கனக்காரர் குப்பியில் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறார். காய்ச்சி வடித்த நீரை ஊற்றியிருக்க வேண்டும், ஊற்றியது குழாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருந்த குளோரைடு வெள்ளியை எல்லாம் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கி, வெளிச்சம் பட்டுக் கறுத்தும் போயிருந்தது. ஊர்க் குழாயில் வருவது எங்கள் நிலையத்துத் தண்ணீர்தான். என் கணவர் கை கலந்துவிட்ட தண்ணீராகவும் இருக்கலாம். ஆனாலும் சொட்டு விட்டுப் பார்த்தேன். எதுவும் இறங்கவில்லை, கலங்கல் மட்டும் கலங்கலாகவே இருந்தது.

பேராசிரியரிடம் குப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வேறு இல்லையே என்று பரிதாபமாகச் சொன்னார். பிறகு என் மேஜையைப் பார்த்தார்.

"இன்னொரு சோதனை இருக்கே. அதைப் பண்ணுங்க. எனக்கு மூக்கு அடைச்சிருக்கு, வாசனை நீங்கதான் சொல்லணும்."

ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தேன். போன முறை ஓடிய அதே கதவு. குளோரைடு என்று சும்மா எழுதிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். குளோரைடின் பங்காளி புரோமைடாக இருந்துவிட்டால்? இன்னொரு முறை எழுத எனக்குக் கெடு இல்லை. சுவரில் இருக்கும் பென்சில் கோடுகளை நினைத்தேன். வேறு யாரோ குடிவந்து அவற்றின் மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

கரும்பொடி டப்பாவைத் திறந்தேன். பாதி மேஜையில் கொட்டியது. அமிலத்தை விட்டேன். சுடரில் காட்டும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குழாய்க்குள் ஏதாவது நிறம் தெரிகிறதா என்று பார்த்தேன், என் கண்ணில் நீர் கோத்திருந்ததால் வெறும் கண்ணாடிதான் தெரிந்தது. முகர்ந்தால்தான் உண்டு. குழாயில் மூக்கை வைக்கக் கூடாது, கையால் விசிறி இழுக்க வேண்டும் என்பது பாடம். விசிறினேன், ஆனால் மூச்சை இழுக்கவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போல் ஆனது. காது அடைத்தது. இனி முடியாது என்றபோது மூச்சு தானாக உள்ளே போனது.

சாவு வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது என் கணவரின் சட்டைக் காலர்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவர் தலைமுடியிலும் காலரிலும் இருக்கும் அதே நெடி. கிட்ட வராதீங்க, முதல்ல குளிங்க என்று நான் தினமும் விரட்டிய நெடி. அவர் விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, வேண்டுமென்றே கிட்டே வந்து நிற்பார். நான் அந்த ஆய்வகத்தில், நாலு பேர் நடுவில், இன்னொரு முறை விசிறி இழுத்தேன். இருமல் வந்தது. அப்படியும் மூன்றாவது முறைக்குக் கையைக் கொண்டுபோனேன். பேராசிரியர் சட்டென்று என் கையிலிருந்து இடுக்கியை வாங்கிக் குழாயைத் தள்ளி வைத்தார்.

"போதும்மா. அது விஷம்."

"தெரியும் சார். குளோரின்."

நெடியால் கண்ணீர் வருகிறது என்று அவர் நினைத்திருப்பார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்து அம்மோனியம் குளோரைடு என்று எழுதினேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே வாய்மொழிக் கேள்விகளை ஆரம்பித்தார். எல்லோரிடமும் கேட்கும் சாதாரணக் கேள்விகள்தான். வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்றார், சொன்னேன். குளோரினுக்கும் குளோரைடுக்கும் என்ன வித்தியாசம் என்றார், சொன்னேன். பிறகு, குளோரின் காற்றைவிட லேசா, கனமா என்று கேட்டார்.

யாரிடமும் நான் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. வால்வு மாமாவிடம்கூட அந்த வார்த்தையைச் சொல்லித் திட்டவில்லை. சொன்னால், என் கணவர் தரையில் தவழ்ந்த ஒவ்வொரு அடியும் வீண் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். பேராசிரியர் கைக்குட்டையை மடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"கனம் சார்."

"கசிஞ்சா எந்தப் பக்கம் போகணும்?"

"மேல சார். படி இருந்தா படியேறி, காத்து வர்ற பக்கமா... மேல போகணும்."

அவர் தாளில் எதையோ எழுதி மூடிவிட்டு, இனி இந்த வரிசையில் உங்களைப் பார்க்க வேண்டியிருக்காது என்றார். தேறிவிட்டேன். வீடு தங்கிவிட்டது. சந்தோஷம் வரும் என்று வராண்டாவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். உடம்பெல்லாம் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே விசில் சத்தம். மகள் தரையில் குப்புறப் படுத்து என்னை நோக்கித் தவழ்ந்து வந்தாள். பாஸா என்று தரையிலிருந்தபடியே கேட்டாள். பாஸ் என்றேன். கத்திக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை இருந்த இடத்தைப் பார்த்தேன், என் முட்டிக்கும் கீழே. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளைத் தூக்கி நிறுத்தி, கையைப் பிடித்து மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனேன். கொட்டகைப் பக்கமிருந்து காரமாக நெடி வந்தால் படுக்கக் கூடாது, தவழக் கூடாது, இந்தப் படியில் ஓடி ஏற வேண்டும் என்றேன்.

"அப்பா தவழச் சொன்னாரே?"

அது தீக்கு, புகை சூடானது, மேலே போகும், கீழே நல்ல காற்று இருக்கும், அப்பா சொன்னது தீக்குச் சரிதான் என்று விளக்கினேன். இந்த வாயு கனமானது, தண்ணீர் மாதிரி தரையில்தான் ஓடும் என்றேன். அவள் நாலைந்து படி ஏறி நின்று யோசித்தாள். அவள் அப்பா யோசிக்கும்போது செய்கிற மாதிரியே விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு இது தெரியாதா?"

"தெரியாது. யாரும் சொல்லித் தரல."

"அப்போ அப்பா வால்வை மூடப் போகலையா?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவளுக்கும் எனக்கும் பழகிப்போன பொய். அதைச் சொன்னால் நாளைக்கே மறுபடி தரையில் படுப்பாள்.

"இல்ல, செல்லம். கதவைப் பாத்துத் தவழ்ந்தார். வீட்டுக்கு வரப் பாத்தார்."

சொல்லிவிட்டு நான் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முகத்தைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டேன். அவள் அழுவாள், கத்துவாள், அப்பாவைத் தப்புச் சொன்னதற்கு என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேலே இருந்து ஒரு சின்னக் கை என் தோளைப் பிடித்து இழுத்தது.

"அங்க உக்காராதம்மா. மேல வா."